ரெண்டு பக்கமும் காட்டு

உக்காருங்க தம்பி. மெட்ராஸ்ல இருந்து போடி வரைக்கும் ரயிலா? அங்கிருந்து பஸ்ஸா? சரி சரி. டீ வருது. அந்த லேப்டாப்பை அப்புறம் திறக்கலாம். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. உங்க பேங்க்ல ஒருத்தரும் நான் சொல்றதை முழுசாக் கேட்டதில்ல. போன் பண்ணினா பாட்டுப் போட்டு விட்டுர்றாங்க. நானும் எத்தனை நாள்தான் அந்தப் பாட்டைக் கேக்குறது.

தம்பின்னு கூப்பிடறதைத் தப்பா எடுத்துக்காதீங்க. என் மூத்த பையன் வயசுதான் இருக்கும் உங்களுக்கு.

விஷயம் சின்னது. என் கடையில கார்டு தேய்ச்சவங்க பணம் போயிருச்சு. எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். தவமணி. கல்லாவுல உக்காந்திருந்த பொம்பள. அதை விசாரிக்க வந்த நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா பேங்க்காரன் பூட்டி வச்சிருக்கிற கார்டு மெஷினைத் திறந்து விட்டுருவான். அவ்வளவுதான் வேலை. எழுதிட்டு, சாயங்காலம் சுருளி அருவியில ஒரு குளியல் போட்டுட்டு நீங்க கிளம்பிரலாம்.

தீபாவளி வருது தம்பி. கம்பத்துல ஜவுளிக்கடைக்குத் தீபாவளின்னா என்னன்னு உங்களுக்கு எப்படித் தெரியும். எங்களுக்கு வியாபாரமே மேல இருந்து வரணும். குமுளி, கட்டப்பனை, வண்டன்மேடு, ஏலக்காய் வித்த கையோட இறங்கி வர்ற ஆளுக. அவங்க பணத்தைக் கட்டிக்கிட்டு வர மாட்டாங்க. கார்டு. முந்தாநாள் ஒரு ஏலக்காய் வியாபாரி குடும்பத்தோட வந்தாரு, மகளுக்குக் கல்யாணப் பட்டு. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் விரிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தோம். எடுத்து முடிச்சுட்டு கார்டை நீட்டுறாரு. இப்ப கார்டு எடுக்கிறதில்லைங்கன்னு சொன்னோம். போன்ல அனுப்பலாம்னா, ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு அதுல ஒரு கட்டு இருக்காம், பட்டுக்குப் பத்தாது. அவரு வீட்டம்மா பட்டைத் தள்ளி வச்சுச்சு. எந்திரிச்சுச்சு. குடும்பமே எந்திரிச்சுச்சு. எதிர்க்கடைக்குள்ள போயி உக்காந்ததை நான் இந்த ஜன்னல் வழியாப் பாத்தேன்.

வாங்கிட்டுப் போன பட்டுக்கு லாபம் உண்டு. விரிச்சுட்டுப் போன பட்டை மடிக்கணும் தம்பி. அந்தக் கடுப்பு வேற.

எல்லாம் அந்தத் தவமணியால.

பாருங்க, நான் ஏமாந்த ஆளு இல்ல. என்னை ஏமாத்திட்டாங்கன்னு எழுதிராதீங்க. இந்தத் தெருவுலயே முதல்ல கேமரா மாட்டினவன் நான். குருவம்மாள் ஜவுளின்னா கேமராக் கடைன்னே பேரு. ஒரு தடவை பேங்க்ல கட்டப் போன பணத்துல கள்ள நோட்டு இருக்குன்னு கிழிச்சுப் போட்டுட்டான். யாரு குடுத்ததுன்னு எப்படிச் சொல்றது? அன்னையில இருந்து ஒரு சட்டம் போட்டேன். கல்லாவுக்கு வர்ற ஐநூறு ரூபாத் தாளு ஒவ்வொண்ணையும் தலைக்கு மேல இருக்கிற கேமராவுல தூக்கிக் காட்டிட்டுத்தான் உள்ள போடணும். முன்பக்கம், பின்பக்கம். ரெண்டு பக்கமும் காட்டு. இதுதான் சட்டம். இப்ப கம்பத்துல பாதிக் கடையில இந்தப் பழக்கம் இருக்கு. நான் ஆரம்பிச்சது.

அப்புறம் கார்டு தகராறு வந்துச்சு. உத்தமபாளையத்து ஆளு ஒருத்தன் வேட்டி, சட்டை, பெட்ஷீட்டு எல்லாம் எடுத்து, கார்டுல தேய்ச்சு, வீட்டுக்குப் போயி, நான் வாங்கவே இல்லைன்னு பேங்க்ல எழுதிக் குடுத்துட்டான். உங்க ஆளுகளும் பணத்தை அவனுக்கே திருப்பி விட்டுட்டாங்க. என்கிட்ட சாட்சி கேட்டாங்க. நான் கேமராப் படத்தைக் குடுத்தேன். இதுல கார்டு யாருதுன்னு தெரியலையேன்னாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க.

அன்னைக்கே சட்டத்தை மாத்தினேன். நோட்டுக்கு என்ன சட்டமோ அதே சட்டம் கார்டுக்கும். தேய்க்கிறதுக்கு முன்னாடி கார்டைத் தூக்கிப் பிடி. முன்பக்கம். திருப்பு. பின்பக்கம். பழைய கேமராவுல எழுத்து மங்கலா விழுந்துச்சு. பெரியகுளத்துல இருந்து கேமராக்காரரை வரவழைச்சு, இருக்கிறதுலயே நல்லதா ஒண்ணு மாட்டச் சொன்னேன். அந்தா, கல்லாவுக்கு மேல, கறுப்பா உருண்டையா. எறும்பு ஊர்ந்தாக் கூட அதுக்கு எத்தனை காலுன்னு எண்ணலாம். பேச்சும் கேக்கும். கடையில இருந்தாலும் பாக்கலாம், திருப்பதியில வரிசையில நின்னாலும் பாக்கலாம். வீட்டு டிவியிலயும் ஓடும். என் வீட்டுக்காரி நாடகம் பாக்கிறதை விட்டுட்டா. இதுதான் நல்லாருக்காம், யாரு என்ன சேலை எடுக்குறான்னு தெரியுதாம்.

தவமணி முதல் நாளே மூஞ்சியைத் தூக்கினா. "முதலாளி, கார்டைத் தூக்கிக் காட்டுறது நல்லா இல்ல. வர்றவங்க ஒரு மாதிரிப் பாக்குறாங்க"ன்னா.

"ஒரு மாதிரிப் பாக்குறவன் ஒரு மாதிரியான ஆளாத்தான் இருப்பான். நீ காட்டு"ன்னேன்.

"அவங்க பொருளு முதலாளி அது. நாம எதுக்கு ஊருக்கே காட்டணும்?"

"ஊருக்கா காட்டச் சொன்னேன்? எனக்குக் காட்டு."

அப்பவே எனக்கு ஒரு சந்தேகம். கேமராவுல காட்டச் சொன்னா இவளுக்கு ஏன் வலிக்குது? மடியில கனமில்லைன்னா வழியில ஏன் பயம்? இதை எழுதிக்கோங்க தம்பி. முதல் நாளே எதிர்த்தா. எழுதல? சரி, அப்புறமா எழுதுங்க.

கேமரா பாஸ்வேர்டா?

இதைத்தான் அந்தப் பெரியகுளத்து ஆளும் நச்சு நச்சுன்னு கேட்டாரு. கம்பெனியில எல்லாக் கேமராவுக்கும் ஒண்ணு போலப் போட்டு வந்ததை மாத்திருங்க, மாத்திருங்கன்னாரு. அவரு மாட்டி முடிச்ச அன்னைக்கு ஆடி ஒண்ணாந்தேதி. ஆடியில யாராவது எதையாவது புதுசா மாத்துவாங்களா? கல்யாணம் பேச மாட்டோம், வீடு மாற மாட்டோம், பூட்டைப் போயி மாத்தச் சொல்றாரு. ஆவணி பொறக்கட்டும்னேன். ஆவணியில முகூர்த்தக் கூட்டம், மூச்சு விட நேரமில்ல. இப்ப புரட்டாசி. புரட்டாசியில என்னத்தை மாத்துறது. ஐப்பசி பொறந்ததும் முதல் வேலை அதான். அதுவரைக்கும் வந்தது வந்தபடியே இருக்கு. ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு. மறக்காது பாருங்க.

அதுவும் யாருக்குத் தெரியும்? எனக்கு. வீட்டுக்கு. என் மச்சான் சுருளிவேலுக்கு. முடிஞ்சது. கல்லாவுல இப்ப உக்காந்திருக்கானே, அவன்தான். தவமணிக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சாலும் அவகிட்ட இருக்கிறது பட்டன் போனு. அதுல பேசத்தான் முடியும், படம் வராது. மகன் ஒரு பெரிய போன் வாங்கித் தர்றேன்னானாம், இவ வேணாம்னுட்டாளாம். அவ்வளவு விவரம்.

ஆடித் தள்ளுபடி எப்படிப் போச்சுங்கிறீங்க. அந்த மாசம் கடைக்குள்ள காத்து நுழைய இடமில்ல. தவமணி நிமிந்து பாக்க நேரமில்லாம கார்டைத் தூக்கி, திருப்பி, தேய்ச்சு, தூக்கி, திருப்பி, தேய்ச்சு. நான் இந்த ரூம்ல உக்காந்து போன்ல பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு கார்டை லேசாச் சாச்சுக் காட்டினா மைக்ல சொல்லிருவேன். "தவமணி, நேராப் பிடி, வெளிச்சம் அடிக்குது." கடையே திரும்பிப் பாக்கும்.

தீபாவளி மாதிரி ஓடின கடை தம்பி.

அப்புறம்தான் லூர்து டீச்சர் வந்தாங்க. என் பையங்க ரெண்டு பேருக்கும் கணக்குச் சொல்லிக் குடுத்தவங்க. மகள் கல்யாணத்துக்கு எங்ககிட்டதான் எடுத்தாங்க. சனிக்கிழமை, நல்ல கூட்டம். நேரா கல்லாவுக்கு வந்து நின்னாங்க.

"போதுராஜா, நான் ஏதோ ஒரு தேசத்துல போயி செருப்பு வாங்கிருக்கேனாம். ஓடுறதுக்குப் போடுற செருப்பு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கடை வைக்கிற அளவுக்கு. எனக்கு மூட்டு வலிப்பா. நான் எங்கிட்டு ஓடப் போறேன்?"

கூட்டம் சிரிச்சுச்சு. அவங்க சிரிக்கல.

"கல்யாண மண்டபத்துக்கு வச்சிருந்த பணம். ரெண்டு நாளா அழுதேன். இப்ப அழுகை நின்னு போச்சு. அந்தக் கார்டை நான் வேற எங்கேயும் நீட்டினதில்ல. இங்கதான் நீட்டினேன். யாரு எடுத்தான்னு மட்டும் சொல்லு, நான் போயிடறேன்."

"டீச்சர், எங்க கடையில அப்படி நடக்க வழியே இல்ல. தலைக்கு மேல பாருங்க, கேமரா இருக்கு"ன்னேன்.

"இருக்குல்ல. அப்ப யாரு எடுத்தான்னு அதுகிட்டயே கேளு"ன்னுட்டு அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. கடை சாத்துற வரைக்கும். வர்றவன் போறவனெல்லாம் என்னான்னு கேக்குறான். அவங்க திரும்பத் திரும்பச் சொல்றாங்க. செருப்புக் கதையை. ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம, பாடம் எடுக்கிற மாதிரி.

அவங்களுக்கு அடுத்து கூடலூர்ல இருந்து ஒருத்தர். அப்புறம் கட்டப்பனை வர்கீஸ், எஸ்டேட்காரரு. அவரு வாசல்ல நின்னு மலையாளத்துல திட்டினாரு. எனக்கு மலையாளம் நல்லாவே புரியும், அதான் கஷ்டம். அப்புறம் உங்க பேங்க்ல இருந்து போனு. பணம் போன அத்தனை கார்டும் என் கடையில தேய்ச்சதாம். கார்டு நம்பர், தேதி, பின்னாடி இருக்கிற மூணு எண்ணு, இது தெரிஞ்சாப் போதுமாம். வெளிநாட்டுக் கடைகள்ல போனுக்கு எண்ணு கூட வராமலே வாங்கிரலாமாம். சொல்லிட்டு அன்னைக்கே மெஷினைப் பூட்டிட்டான்.

இப்ப நீங்களே யோசிங்க. நம்பர், தேதி, பின்னாடி எண்ணு. இது மூணையும் பாக்குற இடத்துல இருந்தது யாரு? ஒருத்தி. கார்டு அவ கைக்குத்தான் போச்சு. பின்பக்கம் திருப்பினது அவதான்.

நான் திருப்பச் சொன்னேன், வாஸ்தவம். பாக்கச் சொல்லல.

டீச்சர் சொன்ன மாதிரியே கேமராகிட்டக் கேட்டேன் தம்பி. ஆடி மாசப் படம் பூராவும் போட்டுப் பாத்தேன். எங்கேயாவது எழுதுறாளா, சேலைத் தலைப்புல மறைச்சு எதையாவது படம் பிடிக்கிறாளான்னு கண்ணு வலிக்கப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. கார்டு, கார்டு, கார்டு. அடேயப்பா, என்ன தெளிவுங்கிறீங்க. ஒவ்வொரு எண்ணும் பட்டுல ஜரிகை போட்ட மாதிரி நிக்குது. நான் கண்ணாடி போடாமலே லூர்து டீச்சர் நம்பரை வாசிச்சேன். பின்பக்கமும்தான். அவ்வளவு நல்ல கேமரா. அதுலயே மாட்டாம ஒருத்தி வேலை பாத்திருக்கான்னா அவ எப்பேர்ப்பட்ட கைகாரி.

மறுநாள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, அவ பையை மேசையில கொட்டச் சொன்னேன். எல்லாரும் பாக்கணும், அப்பத்தான் மத்தவங்களுக்கு ஒரு பயம் வரும். சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு, பஸ் டிக்கெட்டு, அந்தப் பட்டன் போனு. வேற ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்லாததுதான் எனக்குச் சந்தேகமே. ஒரு பொம்பள பையில ஒண்ணுமே இல்லாம இருக்குமா?

"நான் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன்கிறீங்களா முதலாளி? என் மகன் நம்பரையே நான் பாத்துத்தான் அடிக்கிறேன்"னா.

"நடிக்காத"ன்னேன்.

"நடிக்கிறதா இருந்தா உங்க கேமராவுலதான் இவ்வளவு நாள் நடிச்சிருக்கேன். கையைத் தூக்குன்னீங்க, தூக்கினேன். திருப்புன்னீங்க, திருப்பினேன்." சொல்லிட்டு டப்பாவை எடுத்துப் பையில வச்சுக்கிட்டு இறங்கிப் போயிட்டா. படியில திரும்பி நின்னு, "என்னைத் திருடின்னு சொன்ன வாயாலயே நீங்க இல்லைன்னு சொல்லணும். அதுவரைக்கும் நான் கம்பத்தை விட்டுப் போக மாட்டேன்"ன்னா. எவ்வளவு திமிர் பாருங்க. இந்தக் கடையிலதான் அவளுக்குக் கல்யாணச் சேலையே எடுத்துக் குடுத்தேன். எங்கம்மா காலத்துல இருந்து இருக்கிறவ.

நான் விடல. வியாபாரிங்க சங்கத்துக்கு ஒரு வாட்ஸாப் குரூப் இருக்கு. கம்பம், கூடலூர், சின்னமனூர், எல்லாக் கடையும் அதுல உண்டு. அவ படத்தைப் போட்டு, இவளை யாரும் வேலைக்கு வைக்காதீங்கன்னு எழுதினேன். படத்துக்கு எங்கே போறது? கேமராவுல இருந்துதான் எடுத்தேன். கார்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற படம். மூஞ்சி நல்லாத் தெரியும். கார்டும் நல்லாத் தெரியும், அது வர்கீஸ் கார்டுன்னு நினைக்கிறேன்.

என்ன தம்பி, தலையில கை வைக்கிறீங்க? வெயில் ஒத்துக்கலையா? சுருளி, இங்க வந்து அந்த ஃபேனைத் திருப்பி விட்டுட்டுப் போடா.

இப்ப திராட்சைத் தோட்டத்துக்குக் குலை வெட்டப் போறாளாம். போகட்டும். கல்லாவுல குளுகுளுன்னு உக்காந்தவளுக்கு அப்பத்தான் தெரியும்.

என்னது?

அவளைப் பாத்துட்டுத்தான் வர்றீங்களா? காலையிலயேவா? தோட்டத்துக்கே போயா?

இது நல்லா இல்ல தம்பி. முதலாளியைப் பாக்காம வேலைக்காரியைப் பாக்கப் போறது எந்த ஊரு பழக்கம்? நான் இங்க டீக்குச் சொல்லிட்டு உக்காந்திருக்கேன். பேங்க்குக்கு லெட்டர் போட்டாளா? அவளா? அவளுக்குக் கையெழுத்துப் போடவே பேனாவை ரெண்டு தடவை உதறணும். ஓ, லூர்து டீச்சர் எழுதிக் குடுத்தாங்களா. அப்ப அவங்களும் அவ பக்கம். பணத்தைப் பறிகுடுத்தவங்களே பறிச்சவளுக்கு லெட்டர் எழுதுறாங்க. நான் என்னத்தைச் சொல்ல.

என்ன சொன்னா உங்ககிட்ட? சும்மா சொல்லுங்க.

கேமராவைப் பாருங்கன்னு சொன்னாளா. அவ்வளவுதானா?

பாருங்க. தாராளமாப் பாருங்க. நானும் அதைத்தானே அப்ப இருந்து சொல்றேன். மறைக்க என்கிட்ட என்ன இருக்கு. இந்தாங்க என் போனு. திறக்கிறதுக்கு அதே ஆறு நம்பர்தான், எல்லாத்துக்கும் அதேதான் வச்சிருக்கேன். அந்தா வந்துருச்சு. தெளிவாத் தெரியுதா? சுருளிவேல் நோட்டைத் தூக்கிக் காட்டுறான் பாருங்க, முன்பக்கம், பின்பக்கம். அதுல எழுதிருக்கிற வரிசை எண்ணையே வாசிக்கலாம். வாசிங்க. சும்மா வாசிச்சுப் பாருங்க.

எங்கே? மேல மூலையிலயா? கண்ணு மாதிரி ஒரு படம் இருக்கும், ஆமா. பக்கத்துல ஒரு எண்ணு. அது எப்பவும் இருக்கும். ஆடி மாசமெல்லாம் நல்லா ஏறி நின்னுச்சு. கடையில எத்தனை பேர் இருக்காங்கன்னு காட்டுதுன்னு நினைச்சேன், ஆனா கூட்டம் அதைவிட ரொம்ப ஜாஸ்தி. நான் பெருசா எடுத்துக்கல.

இந்நேரத்துல எத்தனை பேர் பாத்துக்கிட்டிருக்காங்கன்னு காட்டுறதா அது? அப்படியா? சரி, இப்ப நாலு.

நான் ஒண்ணு. வீட்டுல டிவி ஓடும், அது ஒண்ணு. சுருளிவேல் ஒண்ணு. இல்ல, இருங்க. அவன் போன் இங்க என் மேசையில சார்ஜ்ல கிடக்கு. அணைஞ்சு கிடக்கு. அவன் அந்தா படத்துலயே உக்காந்திருக்கான். அப்ப ரெண்டுதான் வரணும்.

நாலு காட்டுது.

இருங்க, வீட்டுக்குப் பேசுறேன். ஹலோ, டிவியை அணை. ஏன்னு கேக்காத, அணை. அணைச்சிட்டியா? சரி, வை.

மூணு. நான் ஒண்ணு போக, மிச்சம் ரெண்டு.

இப்ப மறுபடி நாலு. தம்பி, இது ஏறுது.

பாத்தீங்களா. நான் தலை தலையா அடிச்சுக்கிட்டேன்ல, யாராவது கேட்டீங்களா? அவ இன்னும் என் கடையை விட்டுப் போகல. தோட்டத்துல உக்காந்துக்கிட்டு இங்கேயே கண்ணு. கூட ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டா. பட்டன் போன்தான். அதுக்கென்ன, புதுசு வாங்கிருப்பா. திராட்சை வெட்டின காசுல வாங்கிருப்பா. மகன் வாங்கிக் குடுத்திருப்பான். என்னைக் கேட்டா நான் என்னத்தைச் சொல்றது, நீங்கதானே படிச்சவரு. கையும் களவுமா மாட்டிருக்கா, எழுதுங்க.

எழுதுறீங்களா? அப்பாடா. நல்லது. நிதானமா எழுதுங்க, டீ ஆறினா வேற சொல்றேன்.

என் பேரா? போதுராஜா. குருவம்மாள் ஜவுளி, உரிமையாளர்னு போடுங்க. கேமரா மாட்டினது யாருன்னா? நான்தான். கார்டை ரெண்டு பக்கமும் காட்டச் சொன்னதும் நான்தான். வேற ஒருத்தருக்கும் அந்த யோசனை வரல தம்பி. அதை மறக்காம எழுதுங்க.